அம்மாப்பேட்டைத் தெருவுக்கும் ஏற்காட்டு மலைக்கும் சேர்த்து ஒரு நடுத்தர எஸ்.யு.வி.: எதை வாங்கலாம்?

தறிச்சத்தம் | 3 மார்ச் 2024, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். 13 ஆண்டுகளாக ஓட்டிய சிறிய காரைக் கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. பழைய காரிலிருந்து அவரை இறக்குவது கிணற்றிலிருந்து வாளியைத் தூக்குவது போல ஆகிவிட்டது.

வீடு சேலம் அம்மாப்பேட்டையில். தெரு 12 அடி அகலம்; அதிலும் பாதியில் இருசக்கர வண்டிகள் நிற்கும். வேலை அஸ்தம்பட்டியில், நான்கு கிலோமீட்டர்தான். மாமனார் வீடு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், மாதம் இரண்டு முறை போய் வருவோம். ஆண்டுக்கு இரண்டு மூன்று நெடும்பயணம் இருக்கும்.

கையில் எல்லாம் சேர்த்து 18 லட்சம். கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், எலிவேட், குஷாக், டைகுன் என்று பட்டியல் நீள்கிறது. விளம்பரத் தாள்களைப் படித்துப் படித்து ஏழும் ஒரே வண்டி போலத் தோன்றத் தொடங்கிவிட்டது. வழி சொல்லுங்கள்.

கொலுசுப்பட்டறை | 3 மார்ச் 2024, இரவு 10.05

18 லட்சம் என்பது ஷோரூம் விலையா, சாலைக்கு வரும் விலையா? நம் ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு கல்யாணச் சீரும் அடங்கும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். 15 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரம். அதற்கு மேல் காப்பீடு, பதிவுச் செலவு. ஆகவே உங்கள் 18-க்குள் 14-ஐ ஒட்டிய ஷோரூம் விலைதான் அடங்கும். எல்லா வண்டியிலும் நடுத்தட்டு மாடல்களை மட்டும் பாருங்கள். உச்ச மாடலில் ஏறி உட்கார்ந்து பார்க்கவே பார்க்காதீர்கள், மனம் திரும்பி இறங்காது.

நாலுரோடு | 3 மார்ச் 2024, இரவு 10.40

மலை என்றால் டர்போதான் அண்ணா, இரண்டாவது பேச்சே வேண்டாம். சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தரும் இழுவிசை 144, 145 நியூட்டன் மீட்டர். அதே அளவு டர்போ இன்ஜின் 250-ஐத் தாண்டுகிறது. கிரெட்டாவின் டர்போவுக்கு 160 குதிரைத்திறன். மேலே போகப் போகக் காற்று மெலியும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே சாதாரண இன்ஜின் தன் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். டர்போ காற்றை அழுத்தி ஊட்டுவதால் அந்த இழப்பு தெரியாது.

தறிச்சத்தம் | 3 மார்ச் 2024, இரவு 10.52

தம்பி, அது 18 லட்சத்துக்குள் வருமா?

நாலுரோடு | 3 மார்ச் 2024, இரவு 10.55

வராது.

மலைக்காப்பி | 4 மார்ச் 2024, காலை 6.10

நாகலூர் என்று பார்த்ததும் எழுதுகிறேன், நானும் அந்தப் பக்கம்தான். தார்ச் சாலை வரைக்கும் எந்த வண்டியும் வரும். உங்கள் மாமனார் வீட்டுக்குத் தோட்டத்துக்குள் மண் பாதையா? அப்படியானால் ஐப்பசி மழையில் முன்சக்கர விசை வண்டி படும் பாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். மேட்டில் ஏறும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. முன்சக்கரத்துக்குப் பிடி குறைகிறது. பிடி தேவைப்படும் சக்கரமே அந்தரத்தில் நிற்பது போல் சுழன்று செம்மண்ணை வாரி இறைக்கும். இந்த வகுப்பில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போவது கிராண்ட் விட்டாராவிலும் ஹைரைடரிலும் மட்டும்தான், அதுவும் கையால் கியர் போடும் மாடலில். (இரண்டுமே பெங்களூருவை அடுத்த பிடதி ஆலையில் பிறப்பவை. பெயர்ப்பலகை வேறு, பிறந்த வீடு ஒன்று.)

என்னிடம் இருப்பது பழைய ஜீப். காப்பி மூட்டைக்கும் மிளகுக்கும் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அதில் உங்கள் அம்மாவை ஏற்றினால் அடுத்த முறை அவர் பஸ்ஸில்தான் வருவார்.

தறிச்சத்தம் | 4 மார்ச் 2024, காலை 8.15

வீட்டுக்கு 60 மீட்டர் முன்பு வரை சிமெண்ட் சாலை உண்டு ஐயா. அந்த 60 மீட்டரை நடந்துவிடலாம், அம்மாவுக்கு மட்டும் மழை நாளில் குடை பிடிக்க வேண்டும்.

மலைக்காப்பி | 4 மார்ச் 2024, காலை 8.30

அப்படியானால் நான்கு சக்கர விசையை மறந்துவிடுங்கள். 60 மீட்டருக்காக இரண்டு லட்சம் கொடுப்பதைவிட நல்ல குடை வாங்கலாம். தரை இடைவெளி மட்டும் பாருங்கள்: எலிவேட் 220 மி.மீ., கிரெட்டா 190. தோட்டத்துப் பாறைக்கு அந்த மூன்று சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

பழைய ஸ்டியரிங் | 4 மார்ச் 2024, பிற்பகல் 3.00

எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏறாத வண்டி நடுவழியில் நின்றுவிடும். அவ்வளவுதான், யாரும் சாக மாட்டார்கள். நான் பல ஆண்டுகள் இந்த மலையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். ஏதாவது ஒரு ஞாயிறு மாலை அடிவாரச் சோதனைச் சாவடியில் போய் நின்று பாருங்கள். இறங்கி வரும் கார்களில் பாதி, ரப்பர் கருகிய வாசனையோடு வரும். ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிய பிள்ளைகள், கியரை டி-யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே 20 வளைவும் இறங்குகிறார்கள். ஆகவே தம்பி, வண்டி பார்க்கப் போகும்போது விற்பனையாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இறக்கத்தில் இதைத் தாழ்ந்த கியரில் நிறுத்தி வைப்பது எப்படி?” செய்து காட்டத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று. பின் இருக்கையில் யார் உட்காரப்போகிறார்களோ அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். ஓட்டுபவனுக்குப் பிடித்த வண்டியை வாங்கிவிட்டு, பின்னால் இருப்பவர்கள் வாழ்நாளெல்லாம் வாந்தி எடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கணக்குவாத்தியார் | 4 மார்ச் 2024, மாலை 6.45

பழைய ஸ்டியரிங் ஐயா சொன்னதற்கு ஒரு கணக்கு. ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறக்கம் ஏறத்தாழ 1,100 மீட்டர். 1,600 × 9.8 × 1,100: ஒரு கோடியே 72 லட்சம் ஜூல், மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய 5 யூனிட். 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு. காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மீதி இன்ஜினில் கழிய வேண்டும், இல்லாவிட்டால் நான்கு பிரேக்கில் கழியும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்கும் டாட் 4 வகை ஆயில், ஈரம் ஏறிய பின் 155-ஐ ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அழுந்தும், மிதித்த கால் பஞ்சுக்குள் போவது போல் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகும் என்பது உண்மை. கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடில் உள்ள பேட்டரி ஒரு யூனிட்கூடக் கொள்ளாது. நான்கைந்து வளைவுக்குள் நிறைந்துவிடும், அதன் பிறகு அதுவும் இன்ஜினையே நம்ப வேண்டும். மின்சாரக் கார் இந்த 5 யூனிட்டில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். மேலே இருக்கும்போது 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காமல் இருந்தால்.

சேகோமாவு | 4 மார்ச் 2024, இரவு 8.20

டீசல் என்று யாராவது சொல்வதற்குள் என் கதையைக் கேளுங்கள். மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் டீசலை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போதைய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் புகைபோக்கியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குக் கால்மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். என் வீட்டிலிருந்து ஆலை மூன்று கிலோமீட்டர். வண்டி சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். எட்டாவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸில், “நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள்” என்றார்கள். அன்று முதல் ஞாயிறுதோறும் யாரையும் ஏற்றாமல் நெடுஞ்சாலையில் தொப்பூர் வரை போய்த் திரும்புகிறேன். ஊரில் எனக்குத் தொப்பூரில் இன்னொரு குடும்பம் இருப்பதாகப் பேச்சு.

எந்த வண்டி என்று கேட்காதீர்கள். குறை வண்டியில் இல்லை, என் மூன்று கிலோமீட்டரில்தான். உங்களுக்கு நான்கு கிலோமீட்டர். யோசியுங்கள்.

தறிச்சத்தம் | 10 மார்ச் 2024, இரவு 9.00

ஒரு வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் டேப்பும் சாக்பீஸும். மகளும் நானும் வீட்டுவாசலில் 4.3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டம் போட்டோம். பட்டியலில் உள்ள வண்டிகள் எல்லாம் ஏறக்குறைய இந்த அளவுதான். குஷாக்கும் டைகுனும் மட்டும் அகலத்தில் நான்கு சென்டிமீட்டர் ஒடுங்கியவை. பக்கக் கண்ணாடிகளுக்காக இருபுறமும் ஒரு சாண் விட்டோம். கட்டம் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, “இது காரா, கல்யாண மேடையா?” என்று கேட்டார். மறுநாள் காலையில் அம்மா வழக்கம் போல் வாசல் தெளித்து, அந்தக் கட்டத்துக்குள்ளேயே கோலம் போட்டு முடித்திருந்தார்.

தெருவில் நிறுத்த முடியாது என்பது உறுதி. அடுத்த தெருவில் பாவடித் திடல் இருக்கிறது. முன்பு விடியற்காலையில் தறிக்கான நூலைப் பாவாக நீட்டும் இடம். இப்போது கார்கள்தான் நீண்டு நிற்கின்றன. அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று பேசிவிட்டேன். ஆக, தினமும் 150 மீட்டர் நடை. அம்மாவை ஏற்ற மட்டும் தெருவுக்குள் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, ஷோரூம்கள். பழைய ஸ்டியரிங் ஐயா சொன்னபடி அம்மாவையும் அழைத்துப் போனேன். விற்பனையாளர்கள் எங்கும் என்னிடம் திரையின் அளவையும் சன்ரூஃபையும் காட்டினார்கள். அம்மா பின் கதவைத் திறந்து, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதலில் இருக்கையில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். ஒவ்வொரு வண்டியிலும் இதையே செய்தார். மூன்று ஷோரூமுக்குப் பிறகுதான் அவர் எதை அளக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உட்காரும் இடம் அவர் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும்; அதைவிடத் தாழ்ந்தால் எழ முடியாது, உயர்ந்தால் ஏற முடியாது. கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள வாசற்படி அகலமாக இருந்தால், இறங்கும்போது கெண்டைக்கால் அதில் உரசிக் கால் தரையில் நேராக விழாது. மேலே பிடிக்கக் கைப்பிடி வேண்டும். இவை எதுவும் எந்த விளம்பரத் தாளிலும் இல்லை.

ஓரிடத்தில் பக்கவாட்டில் கால்மிதி பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். அம்மா பார்த்த பார்வையிலேயே வேண்டாம் என்றார். மழை நாளில் அதில் சேரும் சேறு முழுவதும் புடவையின் பின் ஓரத்தில் வரும் என்பது அவர் வாதம். போனவாரம் அப்படி ஒரு வண்டியில் வந்திறங்கிய தம்பி மனைவியின் புடவையைக் காட்டியே சொன்னார்.

செவிலிசேலம் | 11 மார்ச் 2024, காலை 7.40

அண்ணா, நான்கு வயதுக் குழந்தையைப் பற்றி இத்தனை பதிவிலும் ஒருவர்கூடப் பேசவில்லை. பாட்டி மடியில் உட்காரவைக்கப் போகிறீர்களா? நான் விபத்துப் பிரிவில் வேலை செய்தவள், நீட்டி எழுத விரும்பவில்லை. குழந்தை இருக்கை வாங்குங்கள். அதை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டு ஓர இருக்கைகளில் இருக்கும். அதை மாட்டிய பின் நடுவில் மகளும் மறு ஓரத்தில் அம்மாவும் உட்கார முடிகிறதா என்று ஷோரூமிலேயே பாருங்கள். தோள் அகலம் அப்போதுதான் தெரியும். நடு இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் குஷாக்கும் டைகுனும் 2022-லேயே குளோபல் என்கேப்பில் பெரியவர், குழந்தை இரு பிரிவிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. ஆனால் பெல்ட் போடாதவருக்கு எந்த நட்சத்திரமும் கிடையாது.

தறிச்சத்தம் | 11 மார்ச் 2024, காலை 8.05

திட்டு நியாயம். பழைய காரில் மடிதான். மன்னியுங்கள், இனி இல்லை.

நாலுரோடு | 17 மார்ச் 2024, இரவு 9.30

அண்ணா, சோதனை ஓட்டம் போனீர்களா? ஐந்து ரோடு மேம்பாலத்தில் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டிருப்பார்களே!

தறிச்சத்தம் | 18 மார்ச் 2024, இரவு 10.10

ஆமாம், எல்லோரும் மேம்பாலம்தான். ஈரடுக்குப் பாலத்தை ஏறி இறங்கிவிட்டு, “பார்த்தீர்களா சார், மலை போலவே இழுக்கிறது” என்றார் ஒருவர். நான் மலையே வேண்டும் என்றேன். ஒரு ஷோரூமில் கோரிமேட்டோடு திரும்பச் சொன்னார்கள். இன்னொன்றில் இருந்த இளைஞர் ஏற்காட்டுக்காரராம். எரிபொருளை நான் போடுவதென்றால் மேலே வரை போகலாம் என்றார். ஐந்து பேரும் ஏறினோம். விற்பனையாளருக்கு இடமில்லை. கடைசியில் மனைவி இறங்கிக்கொண்டார்.

அது டர்போ இல்லாத 1.5 பெட்ரோல், சி.வி.டி. (பெல்ட்டில் ஓடும், படிகள் இல்லாத தானியங்கி) கியர்பெட்டி. உண்மையைச் சொல்கிறேன்: வளைவு முடிந்து மிதிக்கும்போது இன்ஜின் உறுமுகிறது, வண்டி மெல்லத்தான் கிளம்புகிறது. மிக்ஸியில் ஊறாத உளுந்தைப் போட்டது போல ஒரு சத்தம். முன்னால் பஸ் போனால் அதை முந்தும் ஆசையே வராது. ஆனால் கியர் மாறும் குலுக்கல் ஒன்றுகூட இல்லை. எப்போதும் எட்டாவது வளைவில் முகம் வெளிறும் மகள், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே 20 வளைவும் கடந்தாள். பின் கதவு ஜன்னல் அகலமாக இருந்ததால் வெளியே பார்க்க முடிந்தது என்றாள். சில வண்டிகளில் ஜன்னல் விளிம்பு பின்னோக்கி மேலேறிப் போகும், குழந்தைக்குக் கதவுதான் தெரியும். மலைப்பாதையில் குமட்டுவதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இறங்கும்போது அந்த இளைஞரிடம் ஐயாவின் கேள்வியைக் கேட்டேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த, கியரைக் குறைக்கும் இடது துடுப்பை இரண்டு முறை தட்டிக் காட்டினார். இன்ஜின் சத்தம் கூடியது, வேகம் தானே 30-க்கு வந்தது. அடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தருகே மூக்கை வைத்துப் பார்த்தேன். வாசனை இல்லை.

டி.சி.டி. (இரண்டு கிளட்ச் உள்ள தானியங்கி கியர்பெட்டி) வண்டி ஒன்றையும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். திறந்த சாலையில் அருமை. ஆனால் மே மாதம் கோடை விழா நெரிசலில் மேட்டில் அங்குலம் அங்குலமாக நகர்வதை நினைத்தால், உள்ளே இருக்கும் உலர் கிளட்ச் சூடாகுமே என்று கவலையாக இருக்கிறது.

பழைய ஸ்டியரிங் | 18 மார்ச் 2024, இரவு 10.30

மூக்கை வைத்துப் பார்த்தீர்கள் பாருங்கள், இனி நீங்கள் மலை ஓட்டுநர்தான். டி.சி.டி. வாங்கினாலும் தவறில்லை; நெரிசலில் முன் வண்டி பத்தடி போகும் வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே நகர்வாகப் போக வேண்டும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து மேட்டில் வண்டியைத் தாங்கி நிற்பதுதான் கிளட்சைத் தின்னும்.

பழைய ஸ்டியரிங் | 2 மே 2024, காலை 9.00

ஏப்ரல் 30 அன்று நம் மலையில் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனதை எல்லோரும் படித்திருப்பீர்கள். காரணம் பற்றி எதுவும் எழுத மாட்டேன், விசாரணை செய்பவர்கள் சொல்லட்டும். ஒன்று மட்டும்: இறங்குபவர்கள் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம், மரியாதை மட்டும் அல்ல. வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் விடியற்காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

கொலுசுப்பட்டறை | 15 ஜூன் 2024, இரவு 8.45

தறிச்சத்தம் காணாமல் போய்விட்டாரே. வாங்கினாரா, அம்மா தள்ளுபடி செய்துவிட்டாரா?

தறிச்சத்தம் | 16 ஜூன் 2024, இரவு 9.15

வாங்கிவிட்டேன்! கடைசிக் கட்டத்தில் ஷோரூம்காரர்கள் “கையாளும் கட்டணம்” என்று பில்லில் ஒரு வரி எழுதிச் சேர்த்தார்கள். யார் எதைக் கையாண்டார்கள் என்று எழுதித் தரச் சொன்னேன், வரி மறைந்தது. காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்றார்கள். வெளியில் வாங்கிய விலைப்புள்ளியைக் காட்டியதும் 11 ஆயிரம் குறைந்தது. சேஸி எண்ணை வைத்து எந்த மாதம் தயாரானது என்று பார்த்துவிட்டே பணம் கட்டினேன். ஆறு மாதம் வெயிலில் நின்ற வண்டியைப் புதியது என்று தருவதும் நடக்கிறதாம்.

எந்த வண்டி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளை முதல் இந்த இழை அந்த ஒரு வண்டியின் போர்க்களமாகிவிடும். டர்போ இல்லாத 1.5 பெட்ரோல், பெல்ட் வகைத் தானியங்கிக் கியர்பெட்டி. கிரெட்டா, செல்டோஸ், எலிவேட் மூன்றிலும் ஏறக்குறைய அதே வகைதான் கிடைக்கிறது. மூன்றில் ஒன்று.

நாலுரோடு | 16 ஜூன் 2024, இரவு 9.18

இது அநியாயம் அண்ணா.

சேகோமாவு | 16 ஜூன் 2024, இரவு 9.40

வாழ்த்துகள். பாவடித் திடலில் நிறுத்துவதாகச் சொன்னீர்கள். பக்கத்தில் அரிசிக்கடை, மாவு மில் ஏதும் இருக்கிறதா? எலி இன்ஜினுக்குள் ஏறி வயரைக் கடிக்கும். எங்கள் ஆலையில் நிற்கும் எல்லா வண்டிக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கிறது. வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

தறிச்சத்தம் | 8 டிசம்பர் 2024, இரவு 8.00

ஆறு மாதம், 6,200 கிலோமீட்டர். இழையைத் தூசி தட்டி எழுப்புகிறேன்.

முதலில் எலி. சேகோமாவு அண்ணன் வாய் முகூர்த்தம், மூன்றாம் வாரமே வாஷர் குழாயைக் கடித்துவிட்டது. இரவில் எலிக்கூண்டு வைக்கிறோம்.

மைலேஜ்: ஊருக்குள் 10, 11. கோவைச் சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் 17. ஏற்காடு ஏறும்போது 7-க்கு இறங்கிவிடும், இறங்கும்போது ஏறக்குறைய எண்ணெயே குடிக்காது. போய் வந்தால் சராசரி 12, 13. ஊருக்குள் இவ்வளவுதானா என்று முதலில் மனம் சுருங்கியது. அஸ்தம்பட்டிக்கு இப்போது பாதி நாள் ஸ்கூட்டரில் போகிறேன். 1,300 கிலோ இரும்பை ஒரு ஆளுக்காக நாலு கிலோமீட்டர் இழுத்துப் போவது வெட்கமாக இருக்கிறது.

பயன்படாதவை: சன்ரூஃப். சேலத்து வெயிலில் திரையை விலக்கவே தோன்றவில்லை. திறந்தது மூன்று முறை. மூன்றும் மகன் தலையை நீட்டக் கேட்டபோது, மூன்று முறையும் மூடிவிட்டேன். கிடைத்த பயன் பெரிது: பின்பக்க ஏ.சி. துளை, பின் கேமரா, மேட்டில் பின்வாங்காமல் பிடித்துக்கொள்ளும் வசதி. டிக்கியில் மல்கோவா கூடை மூன்று வைத்தும் அம்மாவின் நடைவண்டிக்கு இடம் இருந்தது.

ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைப்பாதையில் மண் சரிந்தபோது நாங்கள் மேலே மாமனார் வீட்டில் மாட்டிக்கொண்டோம். இரண்டு நாள் கழித்துப் பாதை திறந்ததும் இறங்கினோம். பனிமூட்டம் வண்டியின் மூக்கையே மறைத்தது. உயர் விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் எழுகிறது. தாழ்விளக்கும் பனிவிளக்கும் போட்டு, ஏ.சி.யைக் கண்ணாடிக்குத் திருப்பி, துடுப்பைத் தட்டித் தாழ்ந்த கியரில் 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தோம். சாலையெங்கும் உதிர்ந்த மண்ணும் இலையும். ஒரு வளைவில் காட்டெருமை நின்றது. ஹாரன் அடிக்கவில்லை, விளக்கைத் தணித்துவிட்டு நின்றேன். ஐந்து நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டு, ஓரத்துச் செடியில் ஒரு வாய் கடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. அது மட்டும் பனியில் எப்படி அவ்வளவு நிதானமாக இறங்குகிறது என்று மகன் கேட்டான். “முதல் கியரில் போகிறது” என்றாள் மகள்.

மலைக்காப்பி | 8 டிசம்பர் 2024, இரவு 8.25

ஹாரன் அடிக்காதது நல்லது. அந்த 60 மீட்டர் எப்படி இருந்தது?

தறிச்சத்தம் | 8 டிசம்பர் 2024, இரவு 8.31

முழங்கால் வரை சேறு ஐயா. மைத்துனர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இன்னொருவரோடு சேர்ந்து தூக்கி வந்தார். நல்ல குடையும் வாங்கியிருந்தேன், அம்மாவே பிடித்துக்கொண்டார்.

செவிலிசேலம் | 8 டிசம்பர் 2024, இரவு 9.02

குழந்தை இருக்கை?

தறிச்சத்தம் | 8 டிசம்பர் 2024, இரவு 9.10

முதல் நாளிலிருந்து. இரண்டு வாரம் அழுதான். இப்போது பெல்ட் மாட்டாமல் வண்டியை நகர்த்தினால் என்னைத் திட்டுகிறான்.

நாலுரோடு | 8 டிசம்பர் 2024, இரவு 9.44

எல்லாம் சரி அண்ணா, இப்போதாவது சொல்லுங்கள். மூன்றில் எது?

தறிச்சத்தம் | 8 டிசம்பர் 2024, இரவு 10.05

அம்மாவிடம் கேட்டேன், எழுதிவிடலாமா என்று. “வெள்ளை வண்டி என்று எழுது” என்றார்.